குப்பியில் இன்னும் இரண்டு பேருக்கு

ஜன்னல்காரரின் சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர்கள் குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றக் கூடாது. கழற்றிவிட்டு அப்புறம் சளி பிடித்துக்கொண்டது என்று வந்து நின்றால் அவர் பொறுப்பில்லை. கடையில் ஒரே ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, எதிரும் புதிருமாக இரண்டு ஜன்னல்கள். மழை கொட்டினாலும் சரி, காற்று பிய்த்துக்கொண்டு போனாலும் சரி, ஜன்னல்கள் இரண்டும் விரியத் திறந்தே இருக்கும். வெட்டிய முடியில் பாதி தரையில் விழும், மீதி வெட்டிக்கொள்கிறவர் வாய்க்குள் போகும். அதனால்தான் அவருக்கு இந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருக்கிறது. அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஜன்னலோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு தடவை இருமினால் கத்திரி நின்றுவிடும். இன்னொரு தடவை இருமினால் கழுத்தைச் சுற்றிய துணியை அவிழ்த்துவிடுவார். "சரியானதும் வாங்க, மிச்சத்தை வெட்டிவிடறேன்" என்று வாசலைக் காட்டுவார். ஒரு பக்கக் கிருதாவோடு தெருவில் நடந்து போனவர்கள் உண்டு. அப்படிப் போனவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் ஆள் பயந்தாங்கொள்ளி இல்லை. ஐம்பதை நெருங்கும் வயசு. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. பல்வலி என்றுகூட ஒரு நாள் கடை அடைத்ததில்லை. இந்தக் காவல் முழுக்க வீட்டில் இருந்தவளுக்காக. அவர் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம். கொடுத்தது அவளுடைய தம்பி. தம்பியுடையதே ஆனாலும் உடம்புக்கு அது அந்நியச் சரக்குதான். அதை வெளியே தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளை அவள் காலையும் மாலையும் விழுங்கியாக வேண்டும். மற்றவர்களுக்கு வந்து போகிற சளி, அவளுக்கு வந்தால் ஆஸ்பத்திரி. இவருக்கோ, ஊர்ப்பட்ட ஆட்களின் மூச்சுக்காற்றுக்குள் நாள் முழுவதும் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற தொழில். வேறு தொழிலும் தெரியாது. ஆகவே ஜன்னல், ஆகவே மாஸ்க், ஆகவே வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே குளியலறை. ஆகவே வருஷா வருஷம் தடுப்பூசி. போடச் சொன்ன வருஷமும் போட்டுக்கொண்டார், சொல்லாமல் விட்ட வருஷமும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவள் செத்துப்போய் இப்போது இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

தொற்று வந்து இல்லை. ஒரு நாள் காலை துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலை ஒரு மாதிரி இருக்கிறது என்று கட்டிலில் உட்கார்ந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சிறுநீரகம் கடைசிவரை ஒழுங்காக வேலை செய்தது என்றும் சொன்னார்கள், அது ஏதோ ஆறுதல் மாதிரி. எந்தக் கதவை அவர் அத்தனை வருஷம் கண்கொத்திப் பாம்பாகக் காத்துக் கிடந்தாரோ, அந்தக் கதவு வழியாக எமன் வரவே இல்லை. இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையும் அவருக்கு இருக்கவில்லை. மைத்துனன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு முடித்துவிட்டான். தெருவுக்கு எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கடைக்கு வருகிறவர்களுக்கு ஒருவர் வாய் ஒருவராகத் தெரிந்துவிட்டது. ஆக, அவள் செத்துவிட்டாள் என்று அவர் தன் வாயால் இதுவரை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள். அவள் பேச்சை எடுத்தால் மனுஷன் உடைந்துவிடுவான் என்று, அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், பஸ் நேரத்துக்கு வராததைப் பற்றிப் பேசினார்கள். ஜன்னல்கள் அப்படியே திறந்து கிடந்தன. இனிமேல் மூடலாமே என்று சொல்ல எவனுக்கும் துணிச்சல் வரவில்லை.

பஸ் டிரைவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது சுகாதார நிலையத்திலிருந்து போனில் செய்தி வந்தது. ஜன்னல்காரரின் கை நிறைய நுரை. டிரைவரே போனை எடுத்துப் படித்தார்.

"இந்த வருஷத்து கோவிட் பூஸ்டர் வந்திருக்காம். விருப்பமுள்ளவங்க வரலாமாம்." டிரைவர் போனை வைத்தார். "விருப்பமுள்ளவங்கன்னா கட்டாயம் இல்லன்னு அர்த்தம். விடுங்கண்ணே. எத்தனைதான் குத்திக்குவீங்க? கையா சல்லடையா?"

பெஞ்சில் காத்திருந்த தபால்காரர் விடவில்லை. "இவர் தொழிலுக்கு அது வேணும்ங்க. எத்தனை பேர் மூஞ்சிகிட்ட போறார்."

"அதான் போட்டது போட்டாச்சே. ஆளைப் பாருங்க, இரும்பு மாதிரி இருக்கார். நானும் இவரும் ஒரே வயசு. எங்க டாக்டர் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? உங்க உடம்புக்குப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரின்னார்."

"போட்டா சரின்னு சொன்னாரில்ல?"

"போடாட்டியும் சரின்னு சொன்னாரே, அது உங்க காதுல விழலையா?"

"அது அப்படி இல்லங்க. நமக்காக மட்டுமா போடறோம்? வீட்ல யாராவது முடியாதவங்க இருந்தா..." என்று ஆரம்பித்த தபால்காரர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். டிரைவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக் கூரையைப் பார்த்தார். ஜன்னல்காரர் தாடைக்குக் கீழே கத்தியை இழுத்து, துண்டில் துடைத்து, மறுபடி இழுத்தார். கத்தி பிசகவில்லை. தொழில்காரன் கை அப்படித்தான்.

அன்றிலிருந்து அவருக்கு இதே யோசனை. ஊசி போடலாமா வேண்டாமா என்கிற கேள்வியே அந்த வீட்டில் எழுந்ததில்லை. இப்போதுதான் முதல் தடவையாக எல்லோரையும் போல உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. போட்டால் ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும், கை வலியில் சீப்பைத் தூக்க முடியாது. போடாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம், படுத்துக் கிடக்கும்படியும் ஆகலாம். டிரைவர் சொன்னதும் நியாயம், தபால்காரர் சொன்னதும் நியாயம். ஆனால் அவருடைய முடிச்சு அங்கே இல்லை. போட்டுக்கொள்ளப் போனால் இன்னும் அவளுக்காகப் போகிற மாதிரி இருந்தது. போகாமல் விட்டாலோ, அவள் இல்லை என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி இருந்தது. மைத்துனன் சொல்லலாம், எதிர்வீட்டுக்காரர் சொல்லலாம். அவர் எப்படிச் சொல்வார்?

சும்மா கேட்டுவிட்டு வருவோம், கேட்பதற்கு என்ன என்று ஒரு நாள் மத்தியானம் கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினார்.

சுகாதார நிலையத்தில் கூட்டம் இல்லை. சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் கைத்தடியோடு ஒரு பெரியவரும், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த நர்ஸைக் கண்டதும் ஜன்னல்காரருக்குத் திக்கென்றது. வழக்கமான சிஸ்டர்தான். பிரசவ லீவில் போனவள் திரும்பி வந்துவிட்டாள். இவளுக்கு விஷயம் தெரியாது என்பது அவள் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

"வாங்கண்ணா. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. அக்கா எப்படி இருக்காங்க?"

இரண்டு மாதமாக அவரிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை. எவ்வளவு சாதாரணமான கேள்வி. கடைக்குப் போகிற வழியில், பால் வாங்குகிற இடத்தில், எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். இருக்கா, வழக்கம்போலத்தான், மாத்திரையைப் பாத்தா மூஞ்சியைச் சுளிக்கறா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். வாய் பழக்கப்பட்ட வழியிலேயே போய்விட்டது.

"இருக்கா" என்றார்.

"அப்ப நீங்க ரெண்டு பேர்" என்று சிஸ்டர் பெரியவர் பக்கம் திரும்பினாள். "தாத்தா, ஆள் சேந்துடுச்சு. குப்பியைத் திறந்துடலாம்."

அவளுடைய கணக்கு அப்படி. ஒரு குப்பியில் நாலு பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் அன்றைக்கே தீர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்குத்தான் போகும். அதனால் நாலு தலையாவது சேராமல் திறக்க மாட்டாள். நாலு தலை இல்லையென்றால், எத்தனை தூரத்திலிருந்து வந்திருந்தாலும் நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவாள். பெரியவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார் போல. "மகராசனா இருப்பா" என்று ஜன்னல்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ள இருந்த வாசல் அத்தோடு அடைபட்டுப் போயிற்று. உள்ளே குப்பியின் மூடியைக் கழற்றும் சின்னச் சத்தம் கேட்டது.

டீச்சருக்குப் போட்டாகிவிட்டது, பெரியவருக்கும் போட்டாகிவிட்டது. சிஸ்டர் இவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இப்பவே போட்டுடவா? இல்ல, அக்காவுக்குப் போட்ட பிறகுதானா?"

"அவளுக்கு முதல்ல" என்றார். அதுதான் அவர்கள் வழக்கம். மருந்து தட்டுப்பாடாக இருந்த காலத்தில், ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது அவளுக்கே போகட்டும் என்று அவர் ஏற்படுத்திய வழக்கம். அவளோ சிஸ்டரிடம் வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தாள்: 'இவர் முதல்ல போட்டுக்கிட்டார்னா அவர் போடற கூச்சல்ல நான் பயந்து ஓடிடுவேன்.'

"அப்ப கூட்டிட்டு வாங்க. சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."

"நடக்க முடியல" என்றார் ஜன்னல்காரர். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சிஸ்டரின் முகம் வாடிவிட்டது. "ஐயோ பாவம். முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றவள் ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். "உங்க வீடு எனக்குப் போற வழிதானே. ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்துட்டு வர்றேன். வீட்லயே வெச்சு ரெண்டு பேருக்கும் போட்டுடலாம். எனக்கும் அக்காவைப் பாக்கணும். அவங்க சொன்ன மாதிரியே பொண்ணுதான் பொறந்திருக்கு. போட்டோ காட்டணும்."

வேண்டாம் சிஸ்டர் என்று சொல்ல வாயைத் திறந்தார். "சரி" என்று வந்தது.

அப்புறம் அவர் சுவரோர நாற்காலி ஒன்றில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து ஓடியிருக்கலாம். ஒரு போன் வந்ததென்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். புத்தி இல்லாதவர் இல்லையே, இதெல்லாம் தோன்றத்தான் செய்தது. ஆனால் உள்ளே சிஸ்டர் இன்னொரு நர்ஸிடம், "எங்க அக்கா ஒருத்தங்க இருக்காங்க, கிட்னி மாத்தினவங்க, வாயைத் திறந்தா சிரிச்சு வயிறு வலிச்சிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது கதவிடுக்கு வழியாகக் கேட்டது. இருக்காங்க என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு அவர் இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பார்.

நடந்துதான் போனார்கள். சிஸ்டர் தோளில் நீல நிற ஐஸ் பெட்டி. அதை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று அவர் கேட்டும் கொடுக்கவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் கடைகளெல்லாம் விளக்குப் போட ஆரம்பித்திருந்தன. ஜன்னல்காரர் மனசுக்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டார். மருந்துக்கடை முக்கு வந்ததும் சொல்லிவிடுவது.

மருந்துக்கடை முக்கு வந்தது. "சிஸ்டர், ஒரு விஷயம்" என்றார்.

"சொல்லுங்கண்ணா."

"பாத்து வாங்க. இங்க ஒரு பள்ளம் இருக்கு."

சரி, பள்ளிக்கூடச் சுவர் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நடக்கும்போது சிஸ்டர் பழைய கதை ஒன்றை எடுத்தாள். தான் முழுகாமல் இருந்த புதிதில் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே வாந்தி வந்து ஓடியதையும், திரும்பி வந்து பார்த்தால் அக்கா நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 'அடுத்தது யாரு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னாள். "நிஜமாவே ஒருத்தர் சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு வந்து நின்னுட்டார்ணா." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஜன்னல்காரரும் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்தக் கதை அவருக்குத் தெரியாது. அவள் சொன்னதே இல்லை. தனக்குத் தெரியாத ஒரு துண்டாக அவள் இன்னும் எங்கோ மிச்சம் இருந்திருக்கிறாள், இன்றைக்கு வந்து சேர்கிறாள். இந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது?

பழக்கடையில் சிஸ்டர் நின்றாள். "வெறுங்கையோட எப்படி வர்றது? ஆரஞ்சு ஆகாது, இல்ல? ஆப்பிள் சாப்பிடலாம்."

"வேணாம் சிஸ்டர். எதுக்கு..."

"உங்களுக்கு இல்லண்ணா. அக்காவுக்கு."

அவள் ஒவ்வொரு ஆப்பிளாக எடுத்து, திருப்பிப் பார்த்து, அடிபட்டதை ஒதுக்கி, நல்லதாகப் பொறுக்கினாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆளை ஏமாற்றுகிறோம் என்கிற அவமானம் அப்போதுதான் உறைத்தது. அதற்குள் கால்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன.

மாடிப்படி ஏறினால் வராந்தாவில் கடைசிக் கதவு. கதவில் தடித்த பித்தளைப் பூட்டு ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்காரர் சாவியை எடுத்தார். எடுத்தபிறகுதான், தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. ஆயிரம் யோசனை பண்ணியவர் இந்தப் பூட்டை யோசிக்கவில்லை.

சிஸ்டர் பூட்டைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம்.

"என்னண்ணா இது? உள்ள முடியாதவங்களை வெச்சுட்டு வெளியில பூட்டிட்டா வர்றீங்க? ஒரு அவசரம்னா அவங்க என்ன பண்ணுவாங்க? நடக்க வேற முடியலன்னு சொல்றீங்க. உங்களை நான் என்னமோ நினைச்சிருந்தேன்."

அவர் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். அவளுக்காக ஒருத்தி தன்னைத் திட்டுகிறாள். இன்னும் கொஞ்சம் திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"உள்ள யாரும் இல்ல சிஸ்டர்."

"இல்லன்னா? எங்க போயிருக்காங்க? ஆஸ்பத்திரியிலயா?"

சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"செத்துட்டா" என்றார்.

இவ்வளவுதானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு சொல். வராந்தாவில் விழுந்தது, கிடந்தது. எதிர்வீட்டில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சிஸ்டர் தோளிலிருந்த பெட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். ஆப்பிள் பையை அதன் மேல் வைத்தாள். அப்புறம் படிக்கட்டின் மேல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் தள்ளி ஜன்னல்காரரும் உட்கார்ந்தார். சாவி கையிலேயே இருந்தது.

"ஏன்ணா?" என்று கேட்டாள் கடைசியில். "கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே. எதுக்கு என்னை இவ்வளவு தூரம்..."

"தப்புதான். மன்னிச்சுக்கோங்க. நீங்க எப்படி இருக்காங்கன்னு கேட்டீங்க. யாரும் இப்பல்லாம் அப்படிக் கேக்கறதில்ல. அவ பேரையே எடுக்க மாட்டேங்கறாங்க. மத்தியானத்துல இருந்து இந்தப் படி ஏறற வரைக்கும் அவ உயிரோட இருந்தா சிஸ்டர். எனக்கு அதை விட மனசு வரல."

சிஸ்டர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ காட்டுவதற்காகக் கையில் எடுத்து வைத்திருந்த போனைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"எப்ப நடந்துச்சு? எப்படி?"

இதையும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லோரும் மைத்துனன் மூலமாகத் தெரிந்துகொண்டுதானே வந்தார்கள். அவர் சொல்ல ஆரம்பித்தார். துணி மடித்துக்கொண்டிருந்ததிலிருந்து சொன்னார். மடித்தது அவருடைய கடைத் துண்டுகள். துண்டுக்கு நாலு மடிப்பா மூன்று மடிப்பா என்று அன்றைக்குக் காலையில்கூட இரண்டு பேருக்கும் வாக்குவாதம். தலை ஒரு மாதிரி இருக்கு என்றாள். அவர் அப்போதுதான் கடைக்குக் கிளம்பி மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் தம்ளரை விட்டுவிட்டு, அவர் மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்தாள். எதற்கு என்று தெரியவில்லை. மூஞ்சியைப் பார்க்கவா, மூச்சு வாங்க முடியாமல் எதையாவது பிடித்தாளா. அவர் பதறிப்போய் மறுபடி மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அதுதான் சிஸ்டர். மேல ஏத்தி விட்டுக்கிட்டேன். பழக்கம். அவளுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதேன்னு. ஆம்புலன்ஸ்லயும் போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கடைசியா அவ பாத்தது என் மூஞ்சி இல்ல. மாஸ்க்கைத்தான் பாத்தா."

முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதவர், வீட்டுக்குக் கூட்டம் வந்தபோது அழாதவர், கடை வாடிக்கையாளர்கள் பாதுகாத்து வைத்திருந்த மனுஷன், பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். சிஸ்டர் அவரைத் தேற்றவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்கிற மாதிரி எதையும் சொல்லவில்லை. அவர் முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

வராந்தா விளக்கு எரிந்தது. ஜன்னல்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைப் பார்த்ததும்தான் அவருக்கு நினைவு வந்தது.

"அந்த மருந்து நேரம் ஆயிடுமே."

"இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்" என்றாள் சிஸ்டர். பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நான் இதைக் கேட்டாகணும்ணா. எங்க விதி. வீட்ல எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"உங்களுக்கு வேற நோய் நொடி?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன்."

"அப்ப உங்களுக்கு இது கட்டாயம் இல்ல. உங்க இஷ்டம்தான். போட்டுக்கிட்டாலும் நல்லதுதான். கடையில நாலு பேர் முகத்துக்கிட்ட நிக்கறீங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவங்களுக்காக இல்ல, ஊருக்காக இல்ல. உங்களுக்குன்னு வேணுமாண்ணா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அவள் அவ்வளவு மரியாதையாகக் கேட்ட கேள்விக்கு ஏனோதானோவென்று பதில் சொல்லக் கூடாது என்று யோசித்தார். தனக்கு என்று ஏதாவது ஒரு காரணம் அகப்படுகிறதா என்று தேடினார். நாளைக் காலை கடை திறப்பதை நினைத்துப் பார்த்தார், அடுத்த மாதத்தை நினைத்துப் பார்த்தார். கத்திரி தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, யார் யாருடைய தலைகளோ தெரிந்தன.

"இத்தனை வருஷம் நான் நல்லா இருந்ததே அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் சிஸ்டர். எனக்குன்னு நல்லா இருந்து பழக்கம் இல்ல. எப்பவாவது ஒரு நாள் வேணும்னு தோணிச்சுன்னா நானே வர்றேன்."

"வருவீங்களா?"

"தெரியல."

சிஸ்டர் வற்புறுத்தவில்லை. எழுந்து பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆப்பிள் பையை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்று, பிறகு அதை அவர் பக்கத்தில் படியிலேயே வைத்தாள்.

"உங்களுக்கு மருந்தை வேற வீணாக்கிட்டேன்" என்றார் அவர்.

"அதுக்கென்ன. எத்தனை வீணாச்சுன்னு ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான். காரணம்லாம் எழுத மாட்டேன்." நாலு படி இறங்கியவள் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கத் தயங்கி, அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணுதான் வீணாச்சுன்னு எழுதட்டுமாண்ணா?"

அவள் எதற்காக அப்படிக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்து, சட்டைக் கையின் மடிப்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டுன்னே எழுதிக்கோங்க சிஸ்டர்" என்றார்.